பல வட்டாரத் திராட்சையில் ஒரு சிவப்பு ஒயின்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒயின் பற்றிப் பேச்சு எடுத்தாலே சில சந்தேகங்கள் தவறாமல் வந்துவிடுகின்றன. அவற்றில் பாதிக்கு மேல், 'ஒரே தோட்டத்து ஒயின்தான் உசத்தி, பல ஊர்ச் சரக்கைக் கலந்தது மட்டம்' என்ற எண்ணத்திலிருந்து பிறப்பவை. அந்த எண்ணம் தவறு என்பது என் உறுதியான கருத்து. கேட்டவர்கள் கேட்ட வார்த்தைகளிலேயே கேள்விகளை வைத்திருக்கிறேன். மேலிருந்து வரிசையாகப் படித்தால் நல்லது. பின்னால் வரும் பதில்கள் முன்னால் சொன்னதை வைத்துத்தான் போகின்றன.

கலக்கிறது என்றால் எதைக் கலக்கிறார்கள்? திராட்சையையா, ஒயினையா?

பெரும்பாலும் ஒயினை. ஒவ்வொரு வட்டாரத்திலும் திராட்சை ஒவ்வொரு சமயத்தில் பழுக்கும். வெப்பமான சமவெளியில் அறுவடை முடிந்து சில வாரங்கள் கழித்துத்தான் குளிரான பகுதியில் ஆரம்பமாகும். எல்லாவற்றையும் ஒரே தொட்டியில் போட வழியில்லை. அதனால் ஒவ்வொன்றையும் தனியாக நசுக்கி, தனியாக நொதிக்கவைத்து, தனி ஒயினாக்கிய பிறகே கலவைக்கு எடுப்பார்கள்.

சேர்த்தே நொதிக்கவைப்பதும் உண்டு. பிரான்ஸின் கோட் ரோட்டியில் சிரா திராட்சையோடு வெள்ளைத் திராட்சையான வியோனியேவை 20 சதவீதம் வரை சேர்க்க விதி இடம் தருகிறது. ஆனால் அது ஒரே வட்டாரத்துக்குள் நடக்கிற விஷயம்.

இது கலப்படம் இல்லையா?

இல்லை. சொன்னது ஒன்று, ஊற்றியது ஒன்று என்று வாங்குபவரை ஏமாற்றுவதுதான் கலப்படம். இங்கே சேர்வது எல்லாமே திராட்சையிலிருந்து வந்த ஒயின். எதை எதோடு சேர்க்கலாம், சேர்த்தால் லேபிளில் என்ன எழுதலாம் என்பதற்குச் சட்டம் இருக்கிறது. அதைக் கீழே லேபிள் கேள்விகளில் பார்ப்போம்.

ஒரு தோட்டத்துத் திராட்சை நன்றாக இருந்தால் அதை மட்டும் வைத்தே செய்யலாமே. எதற்கு இவ்வளவு சிரமம்?

எல்லா நல்ல குணமும் ஒரே இடத்தில் விளைவது அபூர்வம். வெயில் அதிகமுள்ள இடத்தில் திராட்சை நன்கு பழுக்கும், சர்க்கரை ஏறும், ஒயினில் ஆல்கஹால், கனிந்த பழச்சுவை, திரட்சி எல்லாம் வரும். ஆனால் அதே வெயில் பழத்திலுள்ள மாலிக் அமிலத்தைக் கரைத்துவிடும். புளிப்பு குறைந்த ஒயின் முதல் வாய்க்கு நன்றாக இருக்கும், இரண்டாவது கோப்பையில் சலிக்கும். குளிர்ந்த இடத்தில் நேர்மாறு. இரவுக் குளிரில் புளிப்பு தங்கும், மணம் நுட்பமாக இருக்கும், திரட்சி குறைந்திருக்கும். இரண்டையும் சரியான அளவில் சேர்த்தால், தனித்தனியே எதிலும் இல்லாத ஒரு முழுமை கிடைக்கிறது.

தெற்கு ஆஸ்திரேலியாவை எடுத்துக்கொள்ளுங்கள். பரோஸா பள்ளத்தாக்கு ஷிராஸ் (சிரா திராட்சைக்கு அங்கே வழங்கும் பெயர்) அடர்த்தியும் கருமையான பழச்சுவையும் தரும். மெக்லாரன் வேல் ஷிராஸில் ஒரு மென்மையும் சாக்லேட் போன்ற சாயலும் இருக்கும். தெற்கே தள்ளி, குளிர்ந்த கூனவாராவில், சுண்ணாம்புப் பாறைமேல் படிந்த செம்மண்ணில் விளையும் கேபர்னே சாவின்யானுக்கு நேர்த்தியான துவர்ப்பும் தெளிவான மணமும் உண்டு. இவை எல்லாம் கையில் இருக்கும்போது ஒன்றை மட்டும் எடுத்துக்கொள் என்று ஒயின் செய்பவரைக் கட்டாயப்படுத்த நியாயமில்லை.

இன்னொரு காரணம் வானிலை. ஓர் ஊரில் ஆலங்கட்டி மழை, இன்னோர் ஊரில் வசந்தத்தில் உறைபனி, வேறோர் இடத்தில் காட்டுத்தீப் புகை. ஒரே தோட்டத்தை நம்பியிருப்பவருக்கு அந்த ஆண்டு போனது போனதுதான். பல வட்டாரங்களிலிருந்து எடுப்பவர் அந்த ஊரை விட்டுவிட்டு மற்றதை வைத்துச் சமாளிப்பார்.

வகைக் கலவை, வட்டாரக் கலவை இரண்டும் ஒன்றுதானே?

இரண்டும் வேறு. போர்தோ சிவப்பு ஒயினில் கேபர்னே சாவின்யான், மெர்லோ, கேபர்னே ஃபிரான் என்று பல வகைத் திராட்சை இருக்கும். எல்லாம் ஒரே பண்ணையில் விளைந்ததாகவும் இருக்கலாம். அது வகைக் கலவை. ஒரே ஷிராஸை நான்கு ஊர்களிலிருந்து எடுத்துச் சேர்த்தால் அது வட்டாரக் கலவை.

இரண்டையும் ஒன்றாகச் செய்வதும் சகஜம். ஆஸ்திரேலியாவின் பென்ஃபோல்ட்ஸ் நிறுவனம் செய்யும் 'பின் 389' (Bin 389) என்ற ஒயின் அப்படிப்பட்டது. 1960 முதல் வரும் அந்த ஒயினில் கேபர்னே சாவின்யானும் (சுருக்கமாகக் கேபர்னே) ஷிராஸும் தெற்கு ஆஸ்திரேலியாவின் பல வட்டாரங்களிலிருந்து வந்து சேர்கின்றன. கேபர்னே தொடக்கத்திலும் முடிவிலும் அழுத்தமாக இருக்கும், நடு நாக்கில் கொஞ்சம் வெறுமை தட்டும். அந்த இடத்தை ஷிராஸ் நிரப்புகிறது.

சரி, ஆனால் இது மலிவு ஒயின்காரர்கள் செய்கிற வேலைதானே?

அவர்களும் செய்கிறார்கள், அதை மறைக்க வேண்டியதில்லை. 'தென்கிழக்கு ஆஸ்திரேலியா' என்று லேபிளில் ஒரு பெயர் பார்த்திருப்பீர்கள். நியூ சவுத் வேல்ஸ், விக்டோரியா, டாஸ்மேனியா முழுவதும், குயின்ஸ்லாந்து, தெற்கு ஆஸ்திரேலியா மாநிலங்களின் ஒரு பகுதியும் அதில் அடங்கும். அவ்வளவு பெரிய பரப்பு இருந்தால் எங்கே சரக்கு கிடைக்கிறதோ அங்கே வாங்கிச் செலவைக் குறைக்கலாம்.

ஆனால் அதே நாட்டின் மிகப் புகழ்பெற்ற சிவப்பு ஒயினும் வட்டாரக் கலவைதான். அதன் பெயர் கிரேஞ்ச். அந்தக் கதையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும். பென்ஃபோல்ட்ஸில் வேலை பார்த்த மேக்ஸ் ஷூபர்ட் 1950-ல் ஐரோப்பா போனார். போர்தோவில் பல பத்தாண்டுகள் தாங்கி நிற்கும் ஒயின்களைச் சுவைத்தார். தன் நாட்டிலும் குறைந்தது 20 ஆண்டு நிற்கும் ஒன்றைச் செய்யவேண்டும் என்று தீர்மானித்தார். தேவையான அளவு நல்ல கேபர்னே அங்கே கிடைக்காததால் ஷிராஸைப் பிடித்துக்கொண்டார். 1951-ல் சோதனையாகச் செய்த முதல் ஒயினிலேயே அடிலெய்டை ஒட்டிய மகில் தோட்டத்துத் திராட்சையும், நகருக்குத் தெற்கே இருந்த இன்னொரு தோட்டத்துத் திராட்சையும் இருந்தன. ஆக, கலவை அதில் பிற்பாடு ஒட்டவைத்தது கிடையாது, பிறவியிலேயே இருந்தது.

ஆரம்பத்தில் சுவைத்தவர்களுக்கு அது பிடிக்கவில்லை. 1957-ல் நிர்வாகம் நிறுத்தச் சொன்னது. ஷூபர்ட் மூன்று அறுவடைகளை ரகசியமாகச் செய்தார். அதற்குள் பழைய பாட்டில்கள் முதிர்ந்து, அவற்றின் தரம் மற்றவர்களுக்கும் தெரிந்தது. 1960-ல் நிர்வாகமே மறுபடி தொடங்கச் சொன்னது. 1990-ஆம் ஆண்டு கிரேஞ்சை 1995-ல் வைன் ஸ்பெக்டேட்டர் இதழ் அந்த வருடத்தின் சிறந்த ஒயினாகத் தேர்ந்தெடுத்தது. இன்றும் அதன் லேபிளில் 'தெற்கு ஆஸ்திரேலியா' என்று மட்டும்தான் இருக்கும்; தனி ஊர்ப் பெயர் இருக்காது. மலிவுக்கும் கலவைக்கும் தொடர்பில்லை என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது.

கிரேஞ்ச் மட்டும் என்று நினைக்கவேண்டாம். வுல்ஃப் பிளாஸ் நிறுவனத்தின் பிளாக் லேபிள் என்ற ஒயின் 1974, 1975, 1976 மூன்று ஆண்டும் தொடர்ந்து மெல்போர்ன் ஒயின் போட்டியில் ஜிம்மி வாட்சன் கோப்பையை வென்றது. லாங்ஹார்ன் கிரீக், பரோஸா இரண்டும் சேர்ந்த கலவை அது.

பிரான்ஸ், இத்தாலியில் எல்லாம் இப்படிச் செய்யமாட்டார்களாமே?

இப்போதைய சட்டத்தை மட்டும் பார்த்தால் அப்படித் தோன்றும். வரலாறு வேறு சொல்கிறது. 19-ஆம் நூற்றாண்டில் போர்தோ ஒயினுக்குத் திடம் போதவில்லை என்றால் ரோன் பள்ளத்தாக்கின் எர்மிதாஜிலிருந்து சிரா ஒயினைக் கொண்டுவந்து சேர்ப்பது வியாபாரிகளின் சாதாரண வழக்கம். பெரிய பண்ணைகளின் ஒயினுக்கும் அது நடந்தது. 20-ஆம் நூற்றாண்டில் தென் பிரான்ஸின் மெலிந்த சிவப்பு ஒயினுக்கு நிறமும் வலுவும் தந்தது அல்ஜீரிய ஒயின். ஒரு காலத்தில் உலகிலேயே அதிகம் ஒயின் ஏற்றுமதி செய்த நாடு அல்ஜீரியா. 1962-ல் அது விடுதலை பெற்ற பிறகு அந்த வியாபாரம் வற்றியது.

ஸ்பெயினின் ரியோஹாவில் இன்றும் கலவைதான் மரபு. ரியோஹா ஆல்டா, ரியோஹா அலவேசா, ரியோஹா ஓரியென்டல் என்ற மூன்று பகுதிகளிலிருந்தும் எடுத்துச் சேர்ப்பார்கள். குளிர்ந்த மேற்கிலிருந்து டெம்ப்ரானியோ திராட்சை, வெப்பமான கிழக்கிலிருந்து கர்னாச்சா திராட்சை. தனித் தோட்டத்துக்கென்று அங்கே அதிகாரபூர்வ வகுப்பு வந்ததே 2017-ல்தான். இத்தாலியின் பரோலோ ஒயினும் அப்படித்தான். லா மோரா என்ற ஊரின் மென்மையையும் செர்ரலுங்கா என்ற ஊரின் இறுக்கத்தையும் சேர்ப்பதே பழைய முறை. தனித் தோட்டத்துப் பெயரைப் போட்டு பரோலோ விற்பது 1961 அறுவடையிலிருந்துதான் சூடுபிடித்தது.

போர்ச்சுகலின் பார்க்கா வேல்யா என்ற ஒயினும் எனக்குப் பிடித்த உதாரணம். 1952-ல் முதலில் செய்யப்பட்டது. டோரு பள்ளத்தாக்கின் வெப்பமான கிழக்குப் பகுதித் திராட்சையோடு, மேட்டு நிலத்தில் விளைந்த புளிப்பான திராட்சையையும் சேர்த்தார்கள். ஒரே வட்டாரம்தான், ஆனால் மேலே மூன்றாவது கேள்வியில் சொன்ன வெப்பம், குளிர் கணக்கு அப்படியே இருக்கிறது.

மண்ணின் குணம் தொலைந்துபோகாதா?

இந்தக் கேள்வி நியாயமானது. ஈடன் பள்ளத்தாக்கில் ஹென்ஷ்கி குடும்பத்தின் ஹில் ஆஃப் கிரேஸ் என்ற ஒரே தோட்டத்திலிருந்து 1958 முதல் ஷிராஸ் ஒயின் வருகிறது. அதைக் குடிப்பவர் அந்த நிலத்தையும் அந்த ஆண்டின் வெயில் மழையையும் குடிக்கிறார். அந்த அனுபவத்தை எந்தக் கலவையாலும் தரமுடியாது.

ஆனால் கலவையின் நோக்கம் அது கிடையாது. அங்கே முன்னால் நிற்பது ஒரு பாணி, அதை ஆண்டுதோறும் கட்டி எழுப்புகிறவரின் ரசனை. இரண்டில் ஒன்று உயர்ந்தது என்று சொல்ல நான் தயாரில்லை. ஒன்று உறுதி: மண்ணின் குணமே இல்லாத சப்பையான ஒயின்களைக் கலந்தால் சப்பையான கலவைதான் வரும். ஒவ்வொரு பகுதிக்கும் தெளிவான குணம் இருந்தால்தான் கலப்பவருக்கு வேலையே இருக்கிறது.

ஒரு ஒயின் சரியாக வரவில்லை என்றால் நல்லதோடு கலந்து சரிக்கட்டிவிடலாமா?

குறையைப் பொறுத்தது. புளிப்பு கூடுதல், நிறம் குறைவு, துவர்ப்பு முரட்டுத்தனம், இவற்றைச் சமன் செய்யலாம். கலவையின் வேலையே அதுதான். ஆனால் வினிகர் வாடை ஏறியது, பிரெட்டனோமைசஸ் ஈஸ்ட் பிடித்துத் தொழுவ நாற்றம் வந்தது, புகை ஏறியது, இவற்றைக் கலந்தால் கெட்டது சரியாகாது, நல்லதும் கெடும். புகை விஷயத்தில் இன்னும் ஜாக்கிரதை வேண்டும். திராட்சைக்குள் சர்க்கரையோடு பிணைந்து கிடக்கும் புகைச் சேர்மங்கள் நாளாக ஆக விடுபட்டு, பாட்டிலில் அடைத்த பிறகும் வெளியே வரலாம்.

விகிதத்தை எப்படி முடிவு செய்கிறார்கள்? ஏதாவது சூத்திரம் இருக்கிறதா?

சூத்திரம் இல்லை, ஆனால் ஒழுங்கு இருக்கிறது. முதலில் ஒவ்வொரு தொட்டி, ஒவ்வொரு பீப்பாய்த் தொகுதியிலிருந்தும் மாதிரி எடுத்து, எது எங்கிருந்து வந்தது என்று தெரியாமல் சுவைத்துத் தரம் பிரிப்பார்கள். ஊர்ப் பெயர் தெரிந்தால் நாக்கு அதற்கேற்பச் சாய்ந்துவிடும், அதனால் இந்த மறைப்பு அவசியம். பிறகு அளவு உருளையில் 100 மில்லிலிட்டர் கலவைகளைச் செய்து பார்ப்பார்கள். ஒரு மில்லிலிட்டர் ஒரு சதவீதம். இரண்டு மூன்று சதவீத மாற்றம்கூட ஒயினின் போக்கை மாற்றிவிடும். தனியாகக் குடித்தால் பிடிக்காத, முரட்டுத் துவர்ப்புள்ள ஒயின் ஐந்து சதவீதம் சேர்ந்ததும் மொத்தத்துக்கும் முதுகெலும்பு கிடைப்பது உண்டு. தனித்தனியாகச் சிறந்த மூன்றைச் சேர்த்தால் சிறந்த கலவை வரும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை.

கணக்கில் சில சுலபம், சில சுலபமில்லை. 15 சதவீத ஆல்கஹால் உள்ள ஒயின் 60 பங்கு, 13 சதவீதம் உள்ளது 40 பங்கு என்றால் கலவையில் 14.2 சதவீதம், நேரான சராசரி. ஆனால் பிஎச் அளவு (புளிப்பைக் காட்டும் எண்) அப்படி வராது. 3.4-ஐயும் 3.8-ஐயும் சரிபாதி சேர்த்தால் 3.6 வரும் என்று நம்பிவிடக்கூடாது, அளந்துதான் பார்க்கவேண்டும். நிறமும் பிஎச்சைப் பொறுத்து மாறும். மணம், துவர்ப்பு இரண்டுக்கும் கணக்கே கிடையாது.

எப்போது கலப்பது நல்லது? ஆரம்பத்திலா, கடைசியிலா?

இதில் இரண்டு கட்சி உண்டு. மாலிக் அமிலம் லாக்டிக் அமிலமாக மாறும் இரண்டாம் நொதித்தல் முடிந்ததும் கலந்து, ஒன்றாகவே பீப்பாயில் வளர்ப்பது ஒரு கட்சி. பகுதிகள் நன்றாக இணைய நேரம் கிடைக்கும். பாட்டிலில் அடைக்கும் முன் கலப்பது இன்னொரு கட்சி. ஒவ்வொன்றும் எப்படி முதிர்ந்தது என்று பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம்.

வட்டாரக் கலவைக்கு இரண்டாவது வழி பாதுகாப்பானது என்பது என் எண்ணம், ஏனென்றால் ஊருக்கு ஊர் முதிரும் வேகம் வேறு. எந்த வழியானாலும் ஒரு பகுதியில்கூட மாலிக் அமிலம் மிச்சம் இருக்கக்கூடாது. இருந்தால் கலந்தபின் மறுபடி நொதிக்க ஆரம்பிக்கும். கலந்ததும் ஆல்கஹாலும் பிஎச்சும் மாறுவதால் டார்டரேட் படிகங்கள் (ஒயினிலுள்ள டார்டாரிக் அமிலத்தின் உப்பு) அடியில் இறங்கலாம். அதனால் உடனே பாட்டிலில் அடைக்காமல் கொஞ்ச காலம் விடுவார்கள்.

அவ்வளவு தூரத்திலிருந்து லாரியில் வந்தால் திராட்சை கெட்டுப்போகாதா?

கவனிக்காவிட்டால் கெடும். கூனவாரா அடிலெய்டிலிருந்து 350 கிலோமீட்டருக்கும் மேல். அதனால் இரவின் குளிரில் பறிப்பது, கந்தக டை ஆக்சைடு சேர்ப்பது, பழத்தைக் குளிர்வித்து அனுப்புவது என்று பல ஏற்பாடுகள் உண்டு. இன்னும் நல்லது, விளைந்த ஊரிலேயே ஒயினாக்கி, காற்றுப் படாமல் டேங்கரில் கொண்டுவருவது.

லேபிளில் ஒரே ஊர்ப் பெயர்தான் இருக்கிறது. அப்போ அதில் வேறு ஊர்த் திராட்சை இல்லைதானே?

இருக்கலாம். ஆஸ்திரேலியாவில் ஒரு வட்டாரப் பெயர் போட 85 சதவீதம் அங்கிருந்து வந்தால் போதும். அமெரிக்காவில் அங்கீகரிக்கப்பட்ட திராட்சை வட்டாரத்தின் பெயருக்கு 85, கவுன்டி (நம் மாவட்டம் போன்றது) பெயருக்கு 75 சதவீதம். கலிஃபோர்னியா என்று போட முழுவதும் அந்த மாநிலத்துத் திராட்சையாக இருக்கவேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தில் பாதுகாக்கப்பட்ட பிறப்பிடப் பெயருக்கு 100 சதவீதம், அதற்கு அடுத்த நிலையான புவியியல் குறியீட்டுக்கு 85.

ஆஸ்திரேலிய லேபிளில் இரண்டு மூன்று வட்டாரப் பெயர்கள் வரிசையாக இருந்தால் முதலில் வருவதுதான் அளவில் அதிகம். மூன்று பெயர்வரைதான் போடலாம், அவை சேர்ந்து குறைந்தது 95 சதவீதம் இருக்கவேண்டும். பிரான்ஸில் வட்டார எல்லை தாண்டிக் கலந்தால் 'வான் த ஃபிரான்ஸ்' என்று போடுவார்கள். அதில் திராட்சை வகையும் ஆண்டும் எழுதலாம், ஊர் எழுத முடியாது.

இரண்டு நாட்டு ஒயினைக் கலக்கலாமா?

நாட்டுச் சட்டத்தைப் பொறுத்தது. ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் உறுப்பு நாடுகளின் ஒயின்களைத் தமக்குள் கலக்கலாம், அதை லேபிளில் சொல்லவேண்டும். வெளிநாட்டு ஒயினோடு அங்கே கலக்கக்கூடாது. அமெரிக்காவில் நிலைமை வேறு. 2021-ல் பென்ஃபோல்ட்ஸ் வெளியிட்ட 'குவான்டம் பின் 98' என்ற கேபர்னேவில் கலிஃபோர்னியாவின் நாபா ஒயினோடு தெற்கு ஆஸ்திரேலிய ஒயினும் இருக்கிறது.

பல ஆண்டு ஒயினைச் சேர்த்தால்?

அதுவும் உண்டு. ஸ்பெயினின் வேகா சிசிலியா தன் ஊனிகோ ரெசர்வா எஸ்பெசியலைப் பல அறுவடைகளைச் சேர்த்துச் செய்கிறது. 2017-ல் வந்த பென்ஃபோல்ட்ஸ் ஜி3-இல் 2008, 2012, 2014 மூன்று ஆண்டுக் கிரேஞ்ச் இருக்கிறது. லேபிளில் ஒரே ஆண்டு போட ஆஸ்திரேலியாவிலும் ஐரோப்பாவிலும் 85 சதவீதம் அந்த ஆண்டுடையதாக இருக்கவேண்டும்.

கலந்த ஒயின் குடித்தால் தலைவலி அதிகம் வருமா?

ஊர்கள் கூடுவதால் வராது. நான்கு ஊர் ஒயினானாலும் உடலுக்குப் போவது ஒரே ஒயின்தான். குடிக்கும் ஆல்கஹாலின் மொத்த அளவுதான் முக்கியம். வெப்பமான இடத்து ஒயினில் அது கூடுதலாக இருக்கும், அதனால் லேபிளில் சதவீதத்தைப் பார்த்து அளவை முடிவு செய்யுங்கள்.

கலவை ஒயின் நாள்பட நிற்காது என்கிறார்களே?

கிரேஞ்ச் பல பத்தாண்டுகள் நிற்கிறது. இந்தச் சந்தேகத்துக்கு அதுவே பதில். நிற்பதும் நிற்காததும் புளிப்பு, துவர்ப்பு, பழச்செறிவு, மூடியின் தரம், வைத்திருக்கும் இடத்தின் வெப்பம் இவற்றைப் பொறுத்தது. இளமையில் குடிக்கவென்று செய்த கலவையை வைத்திருந்து பயனில்லை. ஒரே தோட்டத்து மெலிந்த ஒயினுக்கும் அதே விதிதான்.

குடித்துப் பார்த்தே எந்த ஊர் எவ்வளவு என்று சொல்ல முடியுமா?

துல்லியமாக முடியாது. பழகியவர்கள், கனிந்த திரட்சி வெப்பமான பகுதியிலிருந்தும் புதினா போன்ற வாடை கூனவாரா போன்ற இடத்திலிருந்தும் வந்திருக்கலாம் என்று ஊகிப்பார்கள். சரியாக இணைந்த கலவையில் அந்தத் தையல்கள் கண்ணுக்குப் படாது.

வீட்டில் இரண்டு பாட்டிலை நானே கலந்து பார்க்கலாமா?

தாராளமாக. கலவையைப் புரிந்துகொள்ள இதைவிடச் சிறந்த வழி இல்லை. வெப்பமான வட்டாரத்து ஷிராஸ் ஒன்று, குளிர்ந்த வட்டாரத்துக் கேபர்னே ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். அளவுக் கோப்பையில் 90க்கு 10, 70க்கு 30, 50க்கு 50 என்று மூன்று கலவை செய்து, எது எந்த டம்ளர் என்று இன்னொருவரை மறைத்து வைக்கச் சொல்லிச் சுவையுங்கள். பெரும்பாலும் சரிபாதிக் கலவையைவிட ஒன்று தூக்கலாக இருப்பதே பிடிக்கும். இரண்டு ஒயினும் ஒன்றோடொன்று போட்டி போட்டால் எதுவும் தெளிவாகத் தெரியாமல் போகும்.

கலந்ததை அன்றே முடித்துவிடுங்கள், மறுபடி பாட்டிலில் அடைத்து வைக்கவேண்டாம். காற்றுப் பட்டுவிட்டது, மேலே சொன்ன படிகங்களும் இறங்கலாம். இரண்டு பாட்டிலிலும் கொஞ்சம் தனியாக மிச்சம் வைத்துக்கொள்ளுங்கள். கலவையை அவற்றோடு வைத்துச் சுவைத்தால்தான் எது கூடியது, எது அடங்கியது என்று பிடிபடும்.